ஆலயத்துக்குள் அடைபட்ட சீதா

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு படம் பாராட்டப்பட்டு வருகிறது. 1962ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' அது. எழுதி இயக்கியவர் ஸ்ரீதர். ஒரே மருத்துவமனை அரங்கு, ஒரு மாதத்துக்கும் குறைவான படப்பிடிப்பு, பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாத துணிச்சல், வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, விசுவநாதன் இராமமூர்த்தியின் இசை என்று அதன் சிறப்புகளை ஏடுகள் அடுக்கிய வண்ணம் இருக்கின்றன. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஸ்ரீதரே அதனை இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்று எடுத்தார். தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் பின்னர் அதனைத் தமதாக்கிக் கொண்டன.

இத்தனை பாராட்டுக்கும் நடுவே ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 'புரட்சிப் படம்' என்பதே அச்சொல். சாகப்போகும் கணவன் தன் மனைவியை மறுமணம் செய்துகொள்ளச் சொல்கிறானாம். அந்தக் காலத்தில் இப்படிச் சொல்ல எத்தனை துணிவு வேண்டும் என்று வியக்கிறார்கள். வியப்பவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான். புரட்சி எந்தச் சுருளில் இருக்கிறது? பதினைந்து சுருள் படத்தில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கதையை அறியாத இளந்தோழர்களுக்காகச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். முரளி மருத்துவன். சீதாவும் அவனும் காதலித்தவர்கள். ஆனால் சீதா வேலுவின் மனைவியாகிறாள். வேலுவுக்குப் புற்றுநோய். விதி வேண்டுமென்றே விளையாடியது போல் (விதியின் வேலையெல்லாம் கதாசிரியரின் வேலைதானே!) முரளி பணிபுரியும் மருத்துவமனைக்கே வேலு வந்து சேருகிறான். பழைய காதல் வேலுவுக்குத் தெரியவருகிறது. தான் இறந்தால் முரளியை மணந்துகொள் என்று மனைவியிடம் கூறுகிறான். அவள் துடித்துப்போகிறாள், மறுக்கிறாள். முரளி ஊணுறக்கமின்றி உழைத்து, அறுவைச் சிகிச்சை செய்து வேலுவைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றிய கையோடு தான் மாண்டுபோகிறான். கணவனும் மனைவியும் வாழ்கிறார்கள். முரளியின் பெயரால் மருத்துவமனை எழுகிறது.

கலைத்திறனில் குறை காண நாம் வரவில்லை. தேவிகாவின் முகத்தில் ஓடும் அச்சமும், முத்துராமனின் அடக்கமும், கல்யாண்குமாரின் கண்களில் தேங்கும் தோல்வியும் இன்றும் யூடியூபில் பார்ப்பவர் நெஞ்சைத் தொடுகின்றன. சுவரும் கட்டிலும் வெள்ளைத் திரையும் மட்டுமே உள்ள ஓர் இடத்தில் இரண்டரை மணிநேரம் மக்களை அமரவைப்பது எளிய செயலன்று. அதனை முதலில் ஒப்புக்கொள்கிறோம். கைத்திறன் குறைந்த படமாக இருந்திருந்தால் இதைப்பற்றி எழுத வேண்டிய தேவையே எழுந்திராது. குப்பை தானே மக்கிப் போகும். திறமையாகச் சொல்லப்பட்ட கருத்துதான் தலைமுறை தாண்டி நிற்கும். ஆகவேதான் அக்கருத்தைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலுவின் வேண்டுகோளை எடுத்துக்கொள்வோம். நல்லவன், ஐயமில்லை. பொறாமையால் புழுங்காதவன், பழைய காதலை அறிந்தபின் மனைவியை ஏசாதவன், திரையுலகக் கணவர்களிலே அரியவன். ஆனாலும் அவன் செய்வது என்ன? தனக்குப்பின் தன் மனைவி யாரிடம் இருக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். முடிவு செய்தபின் அவளிடம் அறிவிக்கிறான். நிலத்துக்கு உயில் எழுதுகிறவன் நிலத்தைக் கலந்து ஆலோசிப்பதில்லை. "உனக்கு என்ன விருப்பம்?" என்ற கேள்வி அந்த அறையில் ஒலிக்கவே இல்லை. அவள் தனியாக வாழ விரும்பலாம், படிக்க விரும்பலாம், வேலைக்குப் போக விரும்பலாம், முரளியையே விரும்பலாம், எவரையும் விரும்பாமலும் இருக்கலாம். இவற்றில் ஒன்றும் வேலுவுக்குத் தோன்றவில்லை. பெண்ணென்றால் ஓர் ஆணின் பாதுகாப்பில் இருந்து இன்னோர் ஆணின் பாதுகாப்புக்கு மாற்றப்பட வேண்டியவள் என்பதே அவனுடைய அன்பின் அடித்தளம். விமரிசகர்கள் இதனைத்தான் பெருந்தன்மை என்றனர். பெருந்தன்மைதான்! உடைமையைப் பிறருக்கு வழங்குவதும் ஒருவகைப் பெருந்தன்மையே.

அடுத்து, சீதாவின் மறுப்பு. சுசீலாவின் குரலில் அமைந்த அந்தப் பாட்டு தமிழ்த் திரையின் தலைசிறந்த பாட்டுகளுள் ஒன்று என்பதை நாமும் மறுக்கவில்லை. மறுமணத்தை ஒரு பெண் மறுக்கக்கூடாது என்று எந்தப் பகுத்தறிவாளரும் சொல்லமாட்டார். மணப்பது அவள் உரிமையென்றால் மணக்காதிருப்பதும் அவள் உரிமைதான். "உங்களோடு வாழ்ந்த வாழ்வில் உங்களை நேசிக்கத் தொடங்கிவிட்டேன், வேறொருவர் எனக்கு வேண்டாம்" என்று சீதா சொல்லியிருந்தால், அந்த மறுப்பை நாம் வணங்கி ஏற்றிருப்போம். அது ஒரு மனித உள்ளத்தின் குரல். ஆனால் படம் அவள் வாயில் வைக்கும் வாதம் அதுவன்று. தாலி, குங்குமம், தெய்வத்துக்குச் சூட்டிய மலர் வேறெங்கும் செல்லாது என்ற எண்ணம், இவைதாம் அவளுக்காகப் பேசுகின்றன. காதலும் பேசவில்லை, வெறுப்பும் பேசவில்லை, கற்பு மட்டுமே பேசுகிறது. அதுவும் ஒரு பக்கத்துக் கற்பு. நோயில் விழுந்தவள் சீதாவாக இருந்து, "என் காலத்துக்குப்பின் நீங்கள் மணந்துகொள்ளுங்கள்" என்று வேலுவிடம் அவள் கேட்டிருந்தால், அது கதையாகவே ஆகியிராது. அன்றாட நடப்பை எவர் படமெடுப்பர்?

பெயரையும் பாருங்கள். சீதா! பெயர் சூட்டியபோதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பெயர் கொண்டவள் ஐயத்துக்கு ஆளாகவேண்டும், நெருப்பில் இறங்கவேண்டும், களங்கமற்றவள் என்று மெய்ப்பிக்க வேண்டும். இங்கே நெருப்புக்குப் பதில் மருத்துவமனை. அவ்வளவே வேறுபாடு.

1962இல் மறுமணத்தைப் பேசியதே பெரிது என்பார் நண்பர். ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856இல். படம் வருவதற்கு 106 ஆண்டுகளுக்கு முன்! ஈரோட்டில், குழந்தையாக மணம்செய்து வைக்கப்பட்டுக் குழந்தையாகவே கைம்பெண்ணான தம் உடன்பிறந்தாளின் மகளுக்கு, சுற்றத்தாரின் எதிர்ப்புக்கிடையே பெரியார் மறுமணம் செய்துவைத்தது 1909இல். அப்போது அவர் தலைவருமல்லர், இயக்கமும் இல்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கைம்பெண் மணத்தையும், மணவிலக்கு உரிமையையும், பெண்ணுக்குச் சொத்துரிமையையும் தீர்மானமாக நிறைவேற்றியது. 'குடி அரசு' ஏட்டில் கைம்பெண் மணங்களும் கலப்பு மணங்களும் நற்செய்திகளாக வெளிவந்த காலம் அது. ஊர் ஊராக உண்மையில் நடந்து முடிந்த ஒன்றை, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு படம் நடக்காமல் தடுத்துக் காட்டுகிறது. அதற்குப் புரட்சி என்று பெயர்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுமணம் நடக்காமலிருக்கக் கதாசிரியர் எத்தனை பாடுபடுகிறார்! வேலு இறந்தால் கேள்வி உயிரோடு நிற்கும்; சீதா பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே வேலு பிழைக்கிறான். முரளி இருந்தாலும் கேள்வி இருக்கும். அதனால் முரளி சாகிறான். எந்த நோயால் செத்தான்? உழைப்பாலும் உணர்ச்சி மிகுதியாலுமாம்! மருத்துவ நூல் எதிலும் காணப்படாத இந்த நோய்க்குத் தியாகம் என்று பெயரிட்டுத் தமிழ்த் திரை பல காலமாக வளர்த்துவருகிறது. 'கல்யாண பரிசு' தந்த ஸ்ரீதருக்கு இந்த நோயின் நாடி நன்றாகத் தெரியும்.

புற்றுநோயும் மருத்துவமனையும் கதையில் வருவதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இப்படம் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1954இல், சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் முளைத்த முயற்சி அது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடிய பெண்மணியும் அவரே. துயரம் ஒருவரை என்ன செய்யவைக்கும் என்பதற்கு அவர் ஒரு சான்று. படத்திலும் துயரத்தில் இருந்து ஒரு மருத்துவமனை எழுகிறது. ஆனால் அதற்கு ஆண் ஒருவன் சாகவேண்டும், பெண் ஒருத்தி கைகூப்பி நிற்கவேண்டும். மருத்துவமனையை ஆலயமாக்கிப் பார்ப்பதில் உள்ள ஆபத்தே இதுதான். மருத்துவமனையில் நோய்க்குக் காரணம் கேட்கலாம். ஆலயத்தில் காரணம் கேட்பது மரபன்று.

சேலத்துக்காரர்களாகிய நமக்கு இந்த வழக்கில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவைக் கடந்து போகாதவர் நம்மில் யார்? திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி.ஆர்.சுந்தரம் 1935இல் நிறுவிய அந்தக் கூடத்திலிருந்து முதலில் வெளிவந்த படம் எது தெரியுமா? 1937இல் வந்த 'சதி அகல்யா'. ஏமாற்றியவன் இந்திரன்; கல்லானவள் அகலிகை. நம் ஊரில் படத்தொழில் அடியெடுத்து வைத்ததே அந்தக் கல்லின்மீதுதான்.

ஆனால் அதே கூடத்திலிருந்து 1950இல் 'மந்திரி குமாரி' வந்தது. கலைஞர் எழுதியது, குண்டலகேசியின் கதையைத் தழுவியது. கணவன் கொள்ளையன் என்றும், தன்னையே மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லப்போகிறான் என்றும் அறிந்த அமுதவல்லி, அவனை வலம்வர வேண்டும் என்று கேட்டு, வலம்வந்து, பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். கணவனை வலம்வரும் சடங்கே அவளுக்குக் கருவியாகிறது. காட்சியின் கூர்மை அங்கே இருக்கிறது. கல்லானாலும் கணவன் என்று கற்பிக்கப்பட்ட கூட்டம் கொட்டகையில் அமர்ந்து அதைக் கண்டது, கைதட்டியது. அமுதவல்லியையும் படம் இறுதியில் உயிரோடு விடவில்லை என்பது வேறு செய்தி. இருந்தும், பன்னிரண்டு ஆண்டுகள் முன்னே நின்றவள் அவள். பின்னே வந்தவள் சீதா. காலம் முன்னேறக் கருத்தும் தானாகவே முன்னேறும் என்று நம்பியிருப்போர் இந்த இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

நேர்மையாகச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. நம் தோழர்கள் நெஞ்சில் ஏந்தும் 'பராசக்தி'யில் (1952) கைம்பெண் கல்யாணி எத்தனை துன்பப்படுகிறாள்! இட்லி விற்கிறாள், இழிந்தவர்களிடமிருந்து ஓடுகிறாள், குழந்தையை ஆற்றில் எறியும் எல்லைக்கே தள்ளப்படுகிறாள். நீதிமன்றத்தில் அவளுக்காக அண்ணன் முழங்குகிறான். கோயில் பூசாரியின் முகத்திரை கிழிகிறது. எல்லாம் நடந்தபின் அண்ணனுக்குத் திருமணம் உண்டு, கல்யாணிக்கு இல்லை. அவளுக்கு இரங்கியவர்கள் உண்டு. அவளுடைய இளமையை நினைத்தவர் இல்லை. ஸ்ரீதரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு இதை மறைத்துச் செல்வது முறையாகாது.

பின்னர் வந்தோரும் அதே வேலியைத் தாண்டவில்லை. 1962இலேயே கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'சாரதா' கணவனே மனைவிக்கு மறுமணம் முடிக்க முனையும் கதையைச் சொன்னது. 1981இல் நம் கொங்குநாட்டுக்காரரான பாக்கியராஜ் 'அந்த 7 நாட்கள்' எடுத்தார். அங்கும் மருத்துவர் உண்டு. அங்கே அவர் கணவர். மனைவியை அவளுடைய காதலனிடமே சேர்ப்பிக்க அவர் முன்வருகிறார். இறுதியில் தாலியைக் கழற்ற அவளால் முடியவில்லை. பிறன் மனைவியானவள் இனித் தனக்குக் காதலியாக முடியாது என்று காதலன் விலகுகிறான். கொட்டகை அதிரக் கைதட்டல்! பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் ஆர்மோனியப் பெட்டியும் நகைச்சுவையும் புதிதாக வந்தன. தாலியின் எடை மட்டும் குறையவில்லை. அதற்கிடையில் 1977இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' கன்னடம் சென்றது. அங்கே அவர்கள் வைத்த பெயர் 'குங்கும ரட்சே'. குங்குமத்துக்குக் காவல் என்று பொருள். தமிழ் விமரிசகர்கள் காணத் தவறியதைக் கன்னடத்தார் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

இங்கே நம் தோழர்கள் சிலரோடு நமக்கு வேறுபாடு உண்டு. "அழுமூஞ்சிப் படம்" என்று ஒரே சொல்லில் இத்தகைய படங்களை ஒதுக்கிவிடுவது அவர்கள் வழக்கம். தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததை எள்ளலாகச் சொல்வார்கள். நமக்கு அந்த எள்ளலில் உடன்பாடில்லை. இளம்பிள்ளையிலும் பள்ளிபாளையத்திலும் தறியோசைக்கு நடுவே நாளெல்லாம் உழைக்கும் பெண்ணுக்கு வாய்விட்டு அழ எங்கே இடம் இருந்தது? மாமியார் முன் அழ முடியாது. குழந்தைகள் முன் அழ முடியாது. கணவன் முன் அழுதால் காரணம் சொல்லியாக வேண்டும். இருட்டுக்கொட்டகை ஒன்றுதான் காரணம் கேட்காத இடம். அங்கே அவள் சீதாவுக்காக மட்டும் அழவில்லை. தன்னைக் கேளாமலே முடிவான தன் திருமணத்துக்காக அழுதாள். சொல்லாமல் புதைத்த ஏதோ ஒரு பெயருக்காகவும் அழுதிருக்கலாம். அந்தக் கண்ணீர் பொய்யன்று. அது ஒரு வாக்குமூலம். வாக்குமூலத்தை வாங்கிக்கொண்ட படம் என்ன செய்தது? "நீ அழுவதுதான் அழகு; தாங்குவதுதான் பெருமை" என்று தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. படத்தின்மீது நமக்குள்ள வழக்கு இதுதான். அழவைத்ததற்காக அன்று.

இன்னொரு பெரிய வெற்றிடம் படத்தில் உண்டு. வேலு இறந்தால் சீதா எப்படிச் சாப்பிடுவாள்? இந்தக் கேள்வி அங்கே எவருக்கும் எழவில்லை. நம் நாமக்கல் பக்கத்தில் இது முதற்கேள்வி. லாரி ஓட்டி வடநாடு போகிறவர்களும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோடு மாதக்கணக்கில் ஊர் ஊராய்த் திரிகிறவர்களும் நிறைந்த மண் இது. நெடுஞ்சாலையில் ஒரு நொடித் தூக்கம் ஒரு வீட்டின் விளக்கை அணைத்துவிடும். இருபத்தைந்து வயதில் கைம்பெண்ணாகி, இரு குழந்தைகளோடு கோழிப்பண்ணைக்கோ நூற்பாலைக்கோ போகும் பெண்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாரை ஊரில் ஒரு கல்யாணத்துக்கு முன்வரிசையில் அழைக்கமாட்டார்கள். ஆனால் பந்திக்கு இலைபோட அழைப்பார்கள். மறுமணம் என்ற பேச்சை எடுத்தால், "அவள் அப்படிப்பட்டவள் அல்லள்" என்று பாராட்டுபவர்போல் வாயடைப்பார்கள். அந்தப் பாராட்டின் மொழியை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் திரைக்குப் பங்கில்லை என்று யாரேனும் உறுதி கூறமுடியுமா?

இன்னும் ஒன்று. சீதா முரளியை மணக்காமல் வேலுவை மணந்தது ஏன்? குடும்பச் சூழ்நிலை என்பதற்குமேல் படம் அதில் தங்குவதில்லை. சாதி என்ற சொல்லே இல்லை. முரளி என்ன சாதி, வேலு என்ன சாதி? மருத்துவமனைச் சுவர்களுக்குள் எல்லாரும் வெள்ளையுடுத்திச் சாதியற்றவராய் உலவுகிறார்கள். வெளியே வந்தால் நிலைமை வேறு. 2015 ஜூன் திங்களில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வந்த பொறியியல் படித்த ஓர் இளைஞர், பட்டியல் சாதியிற் பிறந்தவர், வேறு சாதிப் பெண்ணொருத்தியோடு பேசியிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் பக்கத்து இருப்புப்பாதையில் அவர் உடல் கிடந்தது. 2022இல் மதுரை நீதிமன்றம் கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆணும் பெண்ணும் சரிபாதி என்று சிலைவடித்து வைத்திருக்கும் அர்த்தநாரீசுவரர் சந்நிதியிலிருந்து, ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து காணப்பட்டதற்காக ஓர் உயிர் இழுத்துச் செல்லப்பட்டது! காதலுக்கு நெஞ்சுக்குள் மட்டுமே ஆலயம் கட்டிக்கொள், வெளியே கட்டாதே என்று எச்சரிக்கும் ஊரில், நெஞ்சுக்குள் கட்டுவதே காதலின் உச்சம் என்று ஒரு படம் பாடினால் அது யாருக்கு வசதி?

படத்தைத் தடைசெய் என்றோ, பார்க்காதே என்றோ நாம் சொல்லவில்லை. பாருங்கள் என்றே சொல்கிறோம். நம் படிப்பகங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இதைத் திரையிடுங்கள். அதைவிட முக்கியமாக, பெண்களை அழையுங்கள். நம் கூட்டங்களில் பெண்ணுரிமை பேசுவோர் எண்ணிக்கைக்கும் கேட்க வந்த பெண்களின் எண்ணிக்கைக்கும் உள்ள தொலைவை இந்த ஒரு மாலையாவது குறைக்கட்டும். வேலு தன் வேண்டுகோளைச் சொல்லி முடித்ததும், பாட்டு தொடங்குமுன், படத்தை நிறுத்துங்கள். விளக்கைப் போடுங்கள். "இவள் இப்போது என்ன சொல்லவேண்டும்?" என்று வந்திருக்கும் பெண்களைக் கேளுங்கள். ஆண்கள் அரைமணி நேரம் வாய்திறக்க வேண்டாம். முதலில் யாரும் பேசமாட்டார்கள். யாரோ ஒருவர் சிரிப்பார். பிறகு வயதான அம்மையார் ஒருவர் தொடங்குவார் என்றே நினைக்கிறோம். அவர் சொல்வதை எழுதி நமக்கு அனுப்புங்கள். இப்படத்துக்கு இதுவரை வராத விமரிசனம் அதுவாகத்தான் இருக்கும்.